குணமானதா, குணமானதுபோல் தெரிகிறதா? கணிதக் கற்பித்தலும் மருத்துவமும் தம்மைச் சோதித்துக்கொள்ளும் விதம்

1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் ஒரே ஒரு சிறுவனைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பெனி என்று அதில் குறிப்பிடப்படும் அந்தச் சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது; ஆறாம் வகுப்பு. ஒவ்வொரு மாணவரும் தம் வேகத்தில் கணிதத் தாள்களைச் செய்வது, அவற்றை விடைக்குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்துவது, 80 விழுக்காடு சரியாக இருந்தால் அடுத்த பாடத்துக்குப் போவது என்று அமைந்த ஒரு தனிப்பயிற்சித் திட்டத்தில் அவன் இரண்டாம் வகுப்பிலிருந்தே படித்து வந்தான். அவன் நன்றாக முன்னேறுகிறான் என்றே ஆசிரியர் கருதினார். தேர்வுப் பதிவேடும் அதைத்தான் சொன்னது. எர்ல்வாங்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தபோது வேறொன்று வெளிப்பட்டது. 2/10 என்ற பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால் பெனி 1.2 என்று எழுதினான். இரண்டையும் பத்தையும் கூட்டினால் பன்னிரண்டு. இடையில் ஒரு புள்ளி வைத்தால் 1.2. அதே வழியில் 5/10 என்பது 1.5 ஆயிற்று. 4/11க்கும் 1.5, 11/4க்கும் 1.5, மேலே இருப்பது கீழே போனாலும் கூட்டுத்தொகை மாறாதல்லவா? 0.3ஐயும் 0.4ஐயும் கூட்டினால் 0.07 என்றான், இரண்டு எண்களிலும் புள்ளி இருப்பதால் விடையில் புள்ளி இரண்டு இடம் தள்ளி வரவேண்டுமாம். எதையும் அவன் தயங்கிச் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி வைத்திருந்தான்.

இந்த விடைகளைவிடக் கவலை தருவது, இவற்றை வைத்துக்கொண்டே அவன் எப்படித் தேறிவந்தான் என்பதுதான். ஒரு விடை தவறு என்று திரும்பி வந்தால், விடைக்குறிப்போடு ஒத்துப்போகும்வரை அதை மாற்றி மாற்றிப் பார்க்க அவன் பழகியிருந்தான். கணிதம் என்றால் விடைக்குறிப்பு எதை ஏற்கும் என்று தேடிப்பிடிக்கும் விளையாட்டு என்ற முடிவுக்கும் வந்திருந்தான். பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு அவன் குணமானவன். பேசிப் பார்த்தவருக்கு மட்டுமே நோய் தெரிந்தது.

மருத்துவத் துறை இதே பாடத்தை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயத்தின் கீழறைகளில் இடையிடையே ஒழுங்கற்ற துடிப்புகள் தோன்றும். அவை மிகுந்தவர்களிடையே திடீர் மரணமும் மிகுதி என்பதால், துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்து உயிரையும் காக்கும் என்று எவரும் நம்புவர். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் 1980களில் அந்த நம்பிக்கையில்தான் எழுதித் தரப்பட்டன. அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய ஒரு பரிசோதனை, மருந்து கொடுத்தவுடன் துடிப்பு சீரானவர்களை மட்டுமே பொறுக்கியெடுத்து, ஒரு பாதியினருக்கு மருந்தையும் மறுபாதியினருக்கு அதேபோலத் தோற்றமளிக்கும் வெற்று மாத்திரையையும் தந்தது. 1991இல் வெளியான கணக்கின்படி, சராசரியாகப் பத்து மாதங்களில், மருந்து எடுத்த 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். ஈ.சி.ஜி. தாளில் மருந்து வேலை செய்தது. அதைக் கண்ணால் பார்த்த மருத்துவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அளந்தது வேறு, நோயாளிக்கு வேண்டியிருந்தது வேறு.

உயிர்பிழைத்தலுக்குப் பதிலாகத் துடிப்பை அளப்பது, எலும்பு முறியாமலிருப்பதற்குப் பதிலாக எலும்பின் அடர்த்தியை அளப்பது போன்றவற்றைப் பதிலி அளவுகள் எனலாம். அவை விரைவில் கிடைக்கும், செலவு குறைவு, பெரும்பாலும் உண்மையோடு ஒட்டியே நகரும். அதனால்தான் ஆபத்தும். கணிதக் கல்வியில் மதிப்பெண் என்பது ஒரு பதிலி அளவே என்பதை மறந்துவிட்டுப் பேசும்போது, எந்தக் கற்பித்தல் முறை சிறந்தது என்ற விவாதம் முழுவதும் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்து நடக்கும் விவாதமாகிவிடுகிறது. இக்கட்டுரை மருத்துவத்தையும் கணிதக் கற்பித்தலையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே. இரண்டும் நன்மை செய்யும் நோக்கத்தோடு மனிதர்களுக்குள் குறுக்கிடும் தொழில்கள். செய்வது உண்மையிலேயே நன்மைதானா என்று அறிய இரண்டும் திணறியிருக்கின்றன. அவற்றில் ஒன்று மற்றொன்றின் கருவியைக் கடன் வாங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பெருமளவில் பயன்படுத்தி வருகிறது.

அந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உடலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றுவது நூற்றாண்டுகளாகச் சிறந்த சிகிச்சையாகக் கருதப்பட்டது; அனுபவம் மிக்க மருத்துவர்களே அதற்குச் சாட்சி. பாரிசில் பியர் லூயி என்பவர் நுரையீரல் அழற்சி கண்ட 77 நோயாளிகளைக் கணக்கெடுத்து 1835இல் வெளியிட்டார். நோயின் தொடக்க நாள்களில் இரத்தம் எடுக்கப்பட்டவர்களில் 44 விழுக்காட்டினரும், பிந்தி எடுக்கப்பட்டவர்களில் 25 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். எண்ணிப் பார்ப்பது என்ற எளிய செயல் பேராசிரியர்களின் உறுதியைக் குலைக்கத் தொடங்கிய இடம் இது. ஆனாலும் லூயியின் கணக்கில் ஓட்டை உண்டு. நிலைமை மோசமாக இருந்தவர்களுக்கே மருத்துவர்கள் முந்தி இரத்தம் எடுத்திருக்கலாமே? சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பவர் மனிதர் என்றால், அந்தத் தேர்வுக்குள் அவருடைய எதிர்பார்ப்பும் புகுந்துவிடும். அதை வெளியேற்ற ஒரே வழி, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலிடம் விட்டுவிடுவது.

இந்த எண்ணம் மருத்துவத்தில் முழு உருவம் பெற்றது பிரிட்டனில் 1948இல் வெளியான, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தின் பரிசோதனையில். புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் அதை வடிவமைத்தார். மருந்து எல்லோருக்கும் போதுமான அளவு இல்லை; எனவே குலுக்கிப் பிரிப்பது அறத்துக்கும் ஒத்ததாயிற்று. ஒட்டிய உறைகளுக்குள் இருந்த சீட்டே யார் எந்தக் குழு என்பதை முடிவு செய்தது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு அது யாருடைய படம், என்ன சிகிச்சை என்பது தெரியாது. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 காசநோயாளிகளில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். இதன் பின்பாதி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 32 பேரும் இரண்டாம் குழுவில் 35 பேரும் இறந்திருந்தனர். கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டிருந்தன. ஆறு மாதத்தில் கண்ட பெரிய வேறுபாடு ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறையக் கரைந்துபோனது; வேறொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்த பிறகே பலன் நிலைத்தது. எப்போது அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

வியப்பு என்னவென்றால், குலுக்கிப் பிரிக்கும் யோசனையைக் கல்வித் துறை மருத்துவத்துக்கு முன்பே அறிந்திருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் மெக்கால், கல்வியில் பரிசோதனை செய்வது எப்படி என்று விளக்கி 1923இல் எழுதிய நூலிலேயே மாணவர்களைத் தற்செயல் முறையில் குழுக்களாகப் பிரிப்பதைப் பற்றிப் பேசுகிறார். மருத்துவம் அதைக் கையிலெடுத்து மருந்து ஒப்புதல் சட்டங்கள்வரை கொண்டு சென்றது; பள்ளிகளோ பல பத்தாண்டுகள் விட்டுவிட்டன. இடையில் விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய வகுப்பு அளவுப் பரிசோதனை, 79 பள்ளிகளில் குழந்தைகளை 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்புகளுக்கும் 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்புகளுக்கும் குலுக்கிப் பிரித்தது. இருபத்தொன்றாம் நூற்றாண்டில்தான் நிலைமை அடியோடு மாறியது. 2002இல் அமெரிக்க அரசு கல்வி ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தையும், எது பலிக்கிறது என்று தரம்பிரித்துச் சொல்லும் ஓர் அமைப்பையும் உருவாக்கியது. இங்கிலாந்தில் 2011இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளுக்கு நிதி தந்தது.

என்ன கிடைத்தது? கணித அறிதலை ஆராயும் ஹ்யூக் லார்ட்டி-ஃபோர்க், மேத்யூ இங்லிஸ் இருவரும் 2019இல் இந்த இரண்டு நாடுகளின் 141 பெரிய பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கேற்ற மாணவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். சராசரிப் பலன் 0.06 திட்ட விலக்கம். அதாவது நூறு பேர் வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் மாணவர், புதிய முறையில் படித்தால் ஏறத்தாழ இரண்டு இடம் முன்னால் வருவார். அதோடு, ஒவ்வொரு பரிசோதனையிலும் பிழை வரம்பு மிக அகலமாக இருந்ததால், பலன் உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல முடியாதவையே பல. பெரும் பொருள்செலவில் கேட்ட கேள்விக்குப் பெரும்பாலும் கிடைத்த பதில் மௌனம்.

இதைக் கண்டு, பள்ளிக்கு இத்தகைய பரிசோதனை பொருந்தாது என்று தள்ளிவிடுவோரும் உண்டு, ஆசிரியர்கள் சரியாகச் செய்யவில்லை என்போரும் உண்டு. இரண்டும் அவசர முடிவுகள் என்றே நினைக்கிறேன். முதலில், ஒப்பீட்டுக் குழு என்பது வெற்று மாத்திரை எடுத்த குழு அன்று. அந்த வகுப்பிலும் ஓர் ஆசிரியர் நாள்தோறும் கணிதம் கற்பித்துக்கொண்டிருக்கிறார். பல ஆண்டுப் பழக்கத்தில் பதப்பட்ட அவருடைய முறையும் ஒரு நல்ல சிகிச்சையே. ஏற்கெனவே பலனளிக்கும் மருந்தோடு புதிய மருந்தை மோதவிட்டால் வேறுபாடு சிறிதாகவே தெரியும்; மருத்துவத்திலும் இதே நிலைதான்.

அடுத்தது வகுப்பறையின் இயல்பு. ஒரே வகுப்பின் முப்பது மாணவர்களும் ஒரே ஆசிரியரையும் ஒரே பாடவேளையையும் பகிர்ந்துகொள்வதால், அவர்களுடைய மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வகுப்புகளுக்கு இடையிலானது என்று வைத்துக்கொண்டால், நூறு வகுப்புகளில் உள்ள 3,000 மாணவர்கள் தரும் தகவல், தனித்தனியாகக் குலுக்கிப் பிரிக்கப்பட்ட சுமார் 440 பேர் தரும் தகவலுக்கே ஈடாகும். மாத்திரையை ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுக்கலாம். பாடத்தை வகுப்புக்குத்தான் கொடுக்க முடியும். குலுக்கல் முறையின் புள்ளியியல் அடித்தளத்தை ரொனால்டு ஃபிஷர் அமைத்தது பயிர் விளையும் பாத்திகளை வைத்து என்பதை நினைத்தால், வகுப்பறை நோயாளியைவிடப் பாத்திக்கு நெருக்கமானது என்று சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் அடிப்படையானது: மருந்து எது? ஸ்ட்ரெப்டோமைசின் என்றால் இத்தனை கிராம், இத்தனை மணிக்கு ஒருமுறை என்று எழுதிவிடலாம். ‘கண்டறிந்து கற்றல்’ என்றோ ‘புரிந்து கற்றல்’ என்றோ பெயரிட்டு ஒரு முறையை ஐம்பது பள்ளிகளுக்கு அனுப்பினால், ஐம்பது இடத்திலும் கொடுக்கப்படுவது ஒரே பொருளா? ஒருவர் பின்ன வகுத்தலை விளக்கப் படம் வரையச் சொல்வார். இன்னொருவர் அதே ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலைகீழாக்கிப் பெருக்கு என்பார். இந்த விஷயத்தில் கற்பித்தலுக்கு நெருங்கிய உறவு மாத்திரை மருத்துவம் அன்று, அறுவைச் சிகிச்சை. அங்கும் கைத்திறன் ஆளுக்கு ஆள் மாறும், செய்பவருக்குத் தாம் செய்வது என்ன என்று தெரியாமலிருக்க முடியாது. ஆயினும் அங்கே ஒரு வழி கண்டார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் கொண்ட 180 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, இரு குழுக்களுக்கு உள்நோக்கிக் கருவி மூலம் மூட்டைச் சுத்தம் செய்தும் கழுவியும், மூன்றாவது குழுவுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தும் அனுப்பினார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்தும் வலியிலோ நடமாட்டத்திலோ அறுவைக் குழுக்கள் மேலானவையாக இல்லை. வகுப்பறையில் இதற்கு ஈடாகக் கற்பிப்பதுபோல நடிக்கும் வகுப்பை அமைக்க முடியாது, அமைக்கவும் கூடாது.

அப்படியானால் கணிதக் கற்பித்தலில் தெளிவான விடை தந்த பரிசோதனைகள் எப்படி இருந்தன? தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரர் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான பாடநூலில் ஒரு பாடம் முடிந்ததும் அதே வகைக் கணக்குகள் அடுக்கடுக்காக வரும். மாணவர் முதல் கணக்கில் எந்தச் சூத்திரம் என்று பார்த்துக்கொண்டால் போதும். மீதியில் எண்களை மாற்றி இட்டுக்கொண்டே போகலாம். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் வேலை, அதாவது தேர்வறையில் முதலில் தேவைப்படும் வேலை, பயிற்சியில் வருவதே இல்லை. ரோரர் குழு 54 ஏழாம் வகுப்புகளைக் குலுக்கிப் பிரித்தது. பங்கேற்ற மாணவர்கள் 787 பேர். இரு தரப்புக்கும் அதே கணக்குகள்தாம். ஒரு தரப்புக்கு வகைவகையாக அடுக்கிய தாள்கள், மறுதரப்புக்குப் பல வகைகளைக் கலந்து பல வாரங்களில் பரப்பிய தாள்கள். நான்கு மாதங்கள் இவ்வாறு நடந்தபின், ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில், கலந்த தாள்களில் பயின்றவர்கள் 61 விழுக்காடும் அடுக்கிய தாள்களில் பயின்றவர்கள் 38 விழுக்காடும் எடுத்தார்கள்.

இந்த ஆய்வில் மருந்து ஒரு தாள். அதைக் கொடுக்க ஆசிரியர் தம் முறையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கொடுத்தாரா இல்லையா என்பதைத் தாளை எண்ணியே அறியலாம். அளந்த நேரமும் முக்கியம். வகைவகையாக அடுக்கிய பயிற்சி செய்யும்போதே எளிதாக இருக்கும், செய்து முடித்தவுடன் தேர்ச்சி பெற்றதுபோலவும் தோன்றும்; அன்றே அளந்திருந்தால் அதுவே நல்ல முறை என்றுகூட முடிவாகியிருக்கலாம். நோயாளி உடனே உணரும் சுகம் எப்படியோ, அப்படி. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: தேர்வு, பயிற்சியில் வந்த அதே வகைக் கணக்குகளை ஒட்டியே அமைந்தது. பொதுத் தேர்வு போன்ற தொலைவான அளவில் பலன் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று இதிலிருந்து கூற முடியாது.

மருந்து இன்னதென்று தெளிவாகச் சொல்ல வேண்டுமானால், நோய் இன்னதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலையைக் கணிதக் கல்வி ஆய்வு பரிசோதனை யுகத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் கழித்தல் கணக்குகளில் குழந்தைகள் செய்யும் தவறுகளை ஆராய்ந்து, அவை கவனக்குறைவால் சிதறி விழுந்தவை அல்ல, பல தவறுகள் ஒழுங்கான தவறான விதியிலிருந்து பிறப்பவை என்று காட்டினர். 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதும் குழந்தை கடன் வாங்க மறந்துவிட்டது என்று நினைப்போம். அந்தக் குழந்தை எதையும் மறக்கவில்லை. பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்ற விதியை இம்மி பிசகாமல் பின்பற்றி, ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. இக்குழந்தைக்கு மேலும் ஐம்பது கழித்தல் கணக்கு கொடுப்பது தவறான விதிக்கு ஐம்பது முறை பயிற்சி கொடுப்பதாகும். காய்ச்சல் என்று வந்தவர் அனைவருக்கும் ஒரே குப்பியிலிருந்து ஊற்றிக் கொடுப்பதை மருத்துவம் கைவிட்டது போலக் கற்பித்தலும் கைவிட வேண்டிய இடம் இது. மும்பையிலும் வதோதராவிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் நடத்தி 2007இல் வெளியிட்ட பரிசோதனைகளில், பின்தங்கிய குழந்தைகளைத் தனியே அழைத்து அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது நல்ல பலன் தந்தது. கணினி வழியே அவரவர் நிலைக்கேற்பக் கணக்குகள் தந்த திட்டம் கணித மதிப்பெண்ணை 0.47 திட்ட விலக்கம் உயர்த்தியது. திட்டங்கள் முடிந்த ஓராண்டில் அந்தப் பலன்களில் பெரும்பகுதி தேய்ந்துபோனது.

இந்தத் தேய்மானம் ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் டக்ளஸ் கிளெமென்ட்ஸ், ஜூலி சராமா ஆகியோர் 42 பள்ளிகளில் மழலையர் கணிதத் திட்டமொன்றைச் சோதித்தபோது, அந்த ஆண்டு முடிவில் பலன் 0.72 திட்ட விலக்கம் என்று மிகப் பெரிதாக இருந்தது. முதல் வகுப்பு முடிவதற்குள் இடைவெளி குறுகிவிட்டது. அடுத்தடுத்த வகுப்புகளின் ஆசிரியர்களுக்கும் இக்குழந்தைகள் ஏற்கெனவே என்ன கற்றிருக்கிறார்கள் என்று சொல்லி, அதன்மேல் கட்டியெழுப்பச் சொன்ன பள்ளிகளில் மிஞ்சியது கூடுதல். ஸ்ட்ரெப்டோமைசின் தனித்து நிற்காமல் துணை மருந்தோடு நிலைத்ததை இது நினைவூட்டுகிறது. ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது. கிருமியின் எதிர்ப்பாற்றல் வேறு, அடுத்த வகுப்பு எண்களைத் தொடக்கத்திலிருந்து மறுபடி சொல்லிக்கொடுப்பது வேறு.

இதுவரை மருத்துவம் கணிதக் கற்பித்தலுக்குக் கடன் கொடுத்த கதையைப் பார்த்தோம். கடன் மறுதிசையிலும் பாய்ந்திருக்கிறது, ஏனெனில் சிகிச்சை முடிவுகள் பலவும் கணக்குகள். 1978இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். அதைக் கண்டறியும் சோதனை, நோயில்லாதவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் நோய் உண்டு என்று தவறாகக் காட்டும். வேறு எதுவும் தெரியாத நிலையில், சோதனையில் நோய் உண்டு என்று வந்த ஒருவருக்கு உண்மையில் அந்நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 27 பேர் 95 விழுக்காடு என்றார்கள். சரியான விடையான 2 விழுக்காட்டைச் சொன்னவர்கள் 11 பேர். 95க்கும் 2க்கும் இடையில் இருப்பது ஒரு நோயாளியின் தூக்கம் மட்டுமன்று. தேவையற்ற சிகிச்சையும் அதன் பக்கவிளைவுகளும்கூட.

நிகழ்தகவுச் சூத்திரத்தை இன்னும் அழுத்தமாகச் சொல்லிக்கொடுப்பதே தீர்வு என்று தோன்றும். ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சரும் அவருடன் பணியாற்றியவர்களும் எண்களைச் சொல்லும் வடிவத்தையே மாற்றிப் பார்த்தார்கள். ஆயிரம் பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நோய் உண்டு, அவரைச் சோதனை பிடித்துவிடுகிறது என்று கொள்வோம். மீதி 999 பேர் நலமானவர்கள். அவர்களில் ஏறத்தாழ 50 பேருக்குச் சோதனை தவறாக நோய் காட்டுகிறது. ஆக, நோய் உண்டு என்ற தாளோடு நிற்பவர்கள் 51 பேர். அவர்களில் உண்மையான நோயாளி ஒருவர். வாய்ப்பு 51இல் 1, சுமார் 2 விழுக்காடு. விழுக்காடுகளில் சொன்னபோது நிபுணர்களே வழுக்கிய கணக்கு, ஆள்களின் எண்ணிக்கையாகச் சொன்னால் எழுதிப் பார்க்காமலே முடிந்துவிடுகிறது. பீட்டர் செட்ல்மையரும் கிகரென்சரும் 2001இல் வெளியிட்ட பயிற்சி ஆய்வில், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியே தரப்பட்டது. சூத்திரத்தில் எண்களை இட்டு நிரப்பப் பழகியவர்களின் திறன் வாரங்கள் செல்லச் செல்ல மங்கியது, கணக்கை ஆள்களின் எண்ணிக்கையாக மாற்றிக்கொள்ளப் பழகியவர்களின் திறன் ஐந்து வாரங்களுக்குப் பிறகும் நிலைத்தது. கற்பித்தல் முறை குறித்த ஆய்வு நோயாளியின் சிகிச்சைக்கே நேரடியாகப் பயன்படும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

மருந்தின் அளவைக் கணக்கிடுவது இன்னொன்று. மாத்திரையில் இது எளிது. குப்பியில் கரைந்திருக்கும் மருந்தைக் குழந்தைக்கு ஊசியில் ஏற்றும்போது விகிதக் கணக்கு தேவைப்படும், புள்ளி ஓரிடம் தவறினால் பத்து மடங்கு மாறிவிடும். வேண்டிய அளவைக் கையிலிருக்கும் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் நீர்ம அளவால் பெருக்கு என்று செவிலியர் பயிற்சியில் ஒரு விதியைக் கற்றுத்தருகிறார்கள். எழுத்துத் தேர்வில் இதில் செவிலியர் பலர் தடுமாறுவது அடிக்கடி கவலையோடு பேசப்படும் செய்தி. பிரிட்டனில் சீலியா ஹாயில்ஸ், ரிச்சர்ட் நாஸ், ஸ்டெஃபானோ போட்ஸி ஆகிய கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தேர்வு வைக்காமல் குழந்தைகள் வார்டில் அனுபவமுள்ள செவிலியர் மருந்து தயாரிப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்து, 2001இல் எழுதினார்கள். அவர்கள் பார்த்த கணக்குகளில் பிழை வரவில்லை. ஆனால் பயிற்சியில் கற்ற விதியைப் பயன்படுத்தியவர்களும் சிலரே.

அமிகாசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 2 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் என்ற அளவில் வந்தது. 120 மில்லிகிராம் வேண்டுமென்றால், அதை இரட்டிப்பாக்கி 240, புள்ளியை நகர்த்தி 2.4 மில்லிலிட்டர் என்று ஊசியில் ஏற்றிவிடுவார்கள். அமிகாசினுக்கு இரட்டிப்பாக்கு, இன்னொரு மருந்துக்கு இன்னொரு வழி. விகிதம் என்ற கருத்து பொதுவானதாக இல்லாமல் ஒவ்வொரு மருந்தோடும் குப்பியோடும் ஒட்டிக்கொண்டு இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது பெனியின் விதிகளைப் போன்றதே. அதே மருந்து 2 மில்லிலிட்டரில் 500 மில்லிகிராம் என்று வேறு செறிவில் வரும் இடத்தில் 120 மில்லிகிராமுக்குத் தேவையானது 0.48 மில்லிலிட்டர், பழைய பழக்கத்தில் 2.4 ஏற்றினால் உள்ளே போவது 600 மில்லிகிராம், ஐந்து மடங்கு. ஆனால் வார்டில் நிற்கும் செவிலியரின் கணக்கு தனியாக நிற்பதில்லை. இந்த எடையுள்ள குழந்தைக்கு இந்த மருந்து வழக்கமாக எவ்வளவு போகும் என்பது அவருக்குத் தெரியும், குப்பியின் மேல் எழுதியிருக்கும் செறிவு கண்ணெதிரே இருக்கிறது, விடை பொருத்தமில்லாமல் வந்தால் கை தயங்கும். 2/10ஐ 1.2 என்று எழுதிய பெனியிடம், பத்துத் துண்டுகளில் இரண்டு துண்டு எப்படி முழுதைவிடப் பெரிதாகும் என்று மறித்துக் கேட்க விடைக்குறிப்பைத் தவிர எதுவும் இருக்கவில்லை.